எடைக்குப் போன படைக்கலங்கள்

வேளாங்கண்ணியில் எங்கள் தெருவில் சுபேதார் ஒருவர் வாழ்ந்தார். நான் சிறுமியாக இருந்தபோதே அவர் பணி ஓய்வு பெற்று நெடுநாளாகியிருந்தது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போர்க்காலத்தில் அவர் தோளில் கிடந்தது .303 லீ என்பீல்டு ரைபிள். ஊர் திரும்பிய பின் அதைப் போன்ற ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. “இருவது வருசம் தொடச்சு எண்ணெ போட்டு வச்சிருந்த ரைபிளு பாப்பா. காசு குடுத்துக் கேட்டாலும் தர மாட்டாங்க. அதெல்லாம் எங்க போவுதுன்னும் சொல்ல மாட்டாங்க” என்பார். அவர் கேட்டதற்கு விடை தேடப் புகுந்தபோது, அது தஞ்சை அரண்மனை வரை என்னை அழைத்துச் சென்றது.

.303 இந்நாட்டில் தனியார்க்கு விலக்கப்பட்ட அளவு. இவ்விலக்கு ஆங்கிலேயர் காலத்தது. படைவீரனின் தோட்டாவும் குடியானவனின் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடக் கூடாது என்பதே அதன் உள்நோக்கம்; களவு போன தோட்டா கலகத்திற்குப் பயன்படும் என்று அஞ்சினர். எனவே வங்காளத்து ஈசாப்பூர்த் தொழிற்சாலை, லீ என்பீல்டின் அமைப்பையே பின்பற்றி, குழலின் அளவை மட்டும் .315 ஆக்கி, வேட்டைத் துப்பாக்கி என்னும் பெயரில் தனியார்க்கு விற்றது. பெயரளவில் இரண்டு குழல்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அரசின் அச்சம் முழுவதும் அந்த மயிரிழையில் அடங்கியிருந்தது. சுபேதார் இறுதியில் உரிமம் பெற்று வாங்கியதும் இந்த .315-தான். “அண்ணன் இல்லேன்னு தம்பியக் கட்டிக்கிட்ட மாதிரி” என்று தாமே சொல்லிச் சிரிப்பார்.

ஈசாப்பூரில் செய்த படைத்துப்பாக்கிகளுக்கு வேறு ஊழ் வாய்த்தது. 1960-களில் நம் படைக்கெனச் செய்யப்பட்ட 7.62 மி.மீ. ரைபிள்கள் பணியிலிருந்து நீக்கப்பட்ட பின் பெருந்தொகையாக அமெரிக்கா சென்றன. அங்குள்ளோர் அவற்றைக் கடையில் வாங்கி, கெட்டிப்பட்ட பழைய கிரீசை நீக்கி, மரக்கட்டைக்கு எண்ணெயேற்றிப் புதுக்கி வைத்துக்கொள்கின்றனர். 2003-இல் நேபாளத்துக் காத்மாண்டில், லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில் குவிந்துகிடந்த மார்ட்டினி ஹென்றி முதலான துப்பாக்கிகளையும் அமெரிக்க வணிகர் மொத்தமாக விலைபேசிக் கொண்டுபோயினர். ஓர் அரசின் ஆயுதக் கொட்டில் அப்படியே கடைச்சரக்காயிற்று. விற்றது சரியா என்று வாதிடலாம். பொருள்களேனும் உருக்குலையாமல் பிழைத்தன.

தஞ்சையில் அதுவும் நேரவில்லை. மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் மகவின்றி மறைய, அரசு கும்பினியார் வசமாயிற்று. நாயக்கர் காலந்தொட்டுச் சேர்ந்த வாள்களும் கட்டாரிகளும் ஈட்டிகளும் துப்பாக்கிகளும் அரண்மனையில் துருவேறிக் கிடந்தன. 1860-களில் அவற்றை அகற்ற முடிவாயிற்று. அரியன சில சென்னை அருங்காட்சியகத்திற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இதனைச் சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த வால்ஹவுசு என்பவர் 1878-இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழில் எழுதிவைத்தார். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் ‘தஞ்சாவூர்’ என்னும் சீட்டுடன் சில கட்டாரிகளைக் காண்கிறோம். அவை அந்தக் குவியலிலிருந்து தப்பியவற்றின் இனம். அரண்மனையில் கூடகோபுரம் இன்றும் நிற்கிறது. கீழைக் கோட்டைவாயில் பக்கம் பீரங்கி மேட்டில், நாயக்கர் காலத்துக் கொல்லர் இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்த இராசகோபால பீரங்கியும் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 26 அடி, எடை 22 டன். அதை யார் தூக்கிக்கொண்டு போவது?

சொல்லாராய்ச்சி என் தொழிலாதலின் ஒன்று சொல்லிச் செல்கிறேன். பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’யின் உடன்பிறப்பு, துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல். வான்சிறப்பில் அச்சொல்லோசை வருகிறதே என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்கிறார். ஆனால் ‘மருந்து’ நம்முடையது. பிணி தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

தஞ்சைக் குவியல் எடைக்குப் போன அதே காலத்தில்தான் மக்கள் கையிலிருந்த படைக்கலங்களின்மேலும் சட்டம் பாய்ந்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்க்கு உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரசில் விபின் சந்திர பாலர் இதனை எதிர்த்து முழங்கினார். விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நிறபேதத்தை நீக்கிற்று, உரிமத்தை நீக்கவில்லை. பயிர்க்காவலுக்குக் குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு அச்சட்டத்தில் இடமுண்டு. ஆயின் காவிரிக் கடைமடையில், காக்கப் பயிர் யாருக்கு இருந்தது? நிலமுள்ளவர்க்கே இருந்தது. எங்கள் ஊருக்கு அருகே கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு துப்பாக்கியோடு வந்தவர்கள் நிலக்கிழார் தரப்பினர். சூட்டுக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒடுங்கி எரிந்துபோன 44 பேரும் கூலி உழவர் குடும்பத்தார். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். படைக்கலச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரவை அதில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் துணிபு.

இதே காவிரியின் தலைமாட்டில் நிலைமை வேறு. குடகரை உரிமத்தினின்று விலக்கி 1861-இல் ஆங்கிலேயர் ஆணையிட்டனர். அவ்விலக்கை 2019-இல் நடுவணரசு 2029 வரை நீட்டித்தது. கைல்போள்து விழாவில் குடகர் வீட்டுத் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பூச்சூட்டி வணங்குவர். குழல்வாயில் செருகும் அப்பூவிற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தோக் பூ’, அதாவது துப்பாக்கிப் பூ. அது வேறொன்றுமன்று, நம் சங்கப் புலவர் முருகனுக்குச் சூட்டிய செங்காந்தள்.

சுபேதாருக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொரு தேர்தலின்போதும் அவர் தம் .315-ஐ வேட்டியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பின் திரும்பப் பெற்று வருவார். முதல் வேலையாகத் திண்ணையில் அமர்ந்து குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுப்பார். அவர் மறைந்தபின் உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள மக்கள் விரும்பவில்லை. துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டனர். அது அதன்பின் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்கவும் இல்லை.