ஆக்கர் நகரின் மதில்கள்

மத்தியதரைக் கடலின் கீழைக் கரையில், ஹைபா விரிகுடாவின் வடமுனையில், கடலுள் நீண்டு கிடக்கும் சிறு நிலப்பரப்பின்மீது அமைந்துள்ளது ஆக்கர் நகர். அராபியர் இதனை அக்கா என்றும், யூதர் அக்கோ என்றும் வழங்குவர். இன்று இஸ்ரேல் நாட்டினுள் அடங்கும் இந்நகரைக் காணச் செல்வோரின் கண்ணை முதலிற் கவர்வன அதன் மதில்களே. நிலப்புறத்தில் அகழியும் பருத்த கொத்தளங்களும், கடற்புறத்தில் அலைமோதும் கன்மதிலும் நகரைச் சூழ்ந்து நிற்கின்றன. சிலுவைப் போர் வீரர் அமைத்த அரண் இதுவே என்று பலர் எண்ணுதல் கூடும். உண்மை அதுவன்று. இன்று காணப்படும் மதில்கள் பெரும்பாலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. சிலுவைப் போர்க்கால நகரோ காண்போரின் காலின்கீழ், மண்ணுட் புதைந்து கிடந்தது. மேலும் கீழுமாய் அமைந்த இவ்விரு நகர்களின் வரலாற்றையும் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து.

1104ஆம் ஆண்டில், ஜெனோவா நகரத்தாரின் கப்பற்படைத் துணையுடன், ஜெருசலேம் மன்னன் முதலாம் போல்ட்வின் ஆக்கரைக் கைப்பற்றினான். 1187இல் சுல்தான் சலாதீன் அதனை மீட்டான். 1189இல் தொடங்கிய பெருமுற்றுகையின் முடிவில், 1191 யூலை 12ஆம் நாள், அது மீண்டும் கிறித்தவர் வசமாயிற்று. சிறைப்பட்ட முஸ்லிம் வீரர் ஏறத்தாழ 2,700 பேர், இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சாட்டின் ஆணைப்படி அடுத்த மாதம் கொலையுண்டனர். வீரத்திற்குப் பெயர்பெற்ற அம்மன்னனின் புகழில் இஃது என்றும் நீங்காக் களங்கமாகும்.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் ஆக்கரே சிலுவை நாட்டின் தலைநகராய் விளங்கிற்று. வெனிசு, ஜெனோவா, பீசா ஆகிய நகரங்களின் வணிகர் தத்தமக்கெனத் தனிச்சேரிகள் வகுத்து வாழ்ந்தனர். தெம்பிளர், ஹொஸ்பிற்றலர் என்னும் வீரத்துறவியர் சங்கங்களும் தனித்தனிக் கோட்டைகளை அமைத்தன. செல்வம் பெருகிற்று, ஒற்றுமையோ குன்றிற்று. 1256இல், புனித சாபாசு மடத்துக்குரிய நிலம் பற்றி வெனிசியருக்கும் ஜெனோவியருக்குமிடையே எழுந்த பூசல் போராக மூண்டது. தெம்பிளர் வெனிசியரையும், ஹொஸ்பிற்றலர் ஜெனோவியரையும் சார்ந்தனர். பகைவர்மீது எறிதற்குரிய கற்களை ஒரே மதிலுள் வாழ்ந்தோர் ஒருவர்மீதொருவர் எறிந்தனர். 1258இல் கடற்போரில் தோற்ற ஜெனோவியர் நகரை விட்டகன்றனர்.

1291 ஏப்பிரில் 6ஆம் நாள், மம்லுக் சுல்தான் அல்-அஷ்ரப் கலீல் பெரும்படையுடன் வந்து நகரை வளைத்தான். இரட்டை மதில் இருந்தும் நகர் ஆறு வாரமே தாங்கிற்று. மே 18ஆம் நாள் மதில் கடக்கப்பட்டது. தெம்பிளரின் கடலோரக் கோட்டை மேலும் பத்து நாள் எதிர்த்து நின்று வீழ்ந்தது. இறுதி நாட்களில் இரு சங்கத்தாரும் தோளோடு தோள் நின்று பொருதனர் என்பது மெய்யே. ஆயினும், ஒரு தலைமுறைக் காலம் சிதறவிட்ட வலிமையை ஆறு வாரத்தில் ஈட்டிக்கொள்ளுதல் இயலாதாயிற்று. வென்ற சுல்தான் நகரை இடித்தான். அங்கிருந்த தேவாலயமொன்றின் கல்வாயில், கெய்ரோவில் அல்-நாசிர் முகம்மதுவின் கல்விக்கூடத்தின் முகப்பாய் இன்றும் நிற்கின்றது.

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் பாழாய்க் கிடந்த நகரை, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாகிர் அல்-உமர் என்னும் தலைவன் புதுப்பித்தான். அவனுக்குப்பின் ஆண்ட அகமது ஜஸ்ஸார் பாஷா பொஸ்னியாவிற் பிறந்தவன். ஜஸ்ஸார் என்றால் கசாப்புக்காரன்; அவன் கொடுமையே அப்பெயரை நிலைநாட்டிற்று. 1799 மார்ச்சில் நெப்போலியன் அவன் வாயிலில் வந்து நின்றான். நகரைக் காக்கத் திரண்டோர் வெவ்வேறு இனத்தவர். பாஷா முஸ்லிம், அவன் ஆலோசகனான ஹயீம் பர்ஹி, அதே பாஷாவால் ஒரு கண்ணை இழந்த யூதன், கடலிற் காவல் புரிந்த சிட்னி சிமித் ஆங்கிலேயன், அரண் பணியை நடத்திய பெலிப்போ, நெப்போலியனுடன் ஒரே படைக்கல்லூரியிற் பயின்ற பிரெஞ்சுக்காரன். நெப்போலியனுக்கெனக் கடல்வழி வந்த பெரும்பீரங்கிகளைச் சிமித் கைப்பற்றி ஆக்கரின் மதில்மீதே ஏற்றினான். முன்மதில் உடைந்தபோது, உள்ளே புதிய தடுப்பு எழுந்திருந்தது. கொள்ளை நோயும் வாட்ட, இரண்டு மாதப் போரின்பின் மே 20ஆம் நாள் நெப்போலியன் முற்றுகையைக் கைவிட்டான்.

இவர்களைப் பிணைத்தது அன்பன்று, பொது ஆபத்தே. எனினும், ஆபத்து நீங்குமளவும் தத்தம் வழக்குகளை ஒதுக்கி வைக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. அவ்வறிவே, இரட்டை மதில் செய்யாததை இடிந்த மதிலைக்கொண்டு செய்வித்தது. அவ்வெற்றியின்பின் மதில்கள் முன்னினும் வலிதாக்கப்பட்டன. எனினும் 1832இல் எகிப்தியப் படைத்தலைவன் இப்ராகிம் பாஷா ஆறு மாத முற்றுகையால் நகரைக் கொண்டான். 1840இல் பிரித்தானிய, ஆஸ்திரியக் கப்பல்களின் குண்டுவீச்சில் வெடிமருந்துச்சாலை வெடிக்க, நகர் ஒரே நாளில் வீழ்ந்தது. கல்லை மட்டும் நம்புதல் தகாதென்பதற்கு இவையும் சான்றாம்.

இன்று செல்வோர், 1781இல் எழுந்த ஜஸ்ஸார் பள்ளிவாசலைக் கண்டபின், படியிறங்கி ஹொஸ்பிற்றலரின் பெருமண்டபங்களுட் புகலாம். பிற்காலத்தார் அவற்றை மண்ணால் நிரப்பி மேலே கட்டியதாலேயே அவை அழியாது எஞ்சின. 1994இல் வெளிப்பட்ட தெம்பிளரின் சுரங்கவழியும் காணத்தக்கது. 2001இல் யுனெஸ்கோ பழைய நகரை உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாய்ச் சேர்த்தது. மதிலுள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். நகரில் அராபியரும் யூதரும் வாழ்கின்றனர். அவர்கள்முன் கிடக்கும் பழைய பாடம், மதிலை எவ்வளவு உயர்த்துவது என்பதன்று. மதிலுள் எவ்வாறு கூடி வாழ்வது என்பதே.