சம்தோய்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்கே கடலுக்கும் கோர்டில்லேரா மலைத்தொடருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்து மக்களை உலகம் இலோகானோ என்கிறது. ‘இ’ என்ற முன்னொட்டு ‘இன்ன இடத்தைச் சேர்ந்த’ எனப் பொருள்படும்; ‘லோக்’ என்பது சிறு விரிகுடா. வேர், தாழ்நிலத்தைக் குறிக்கும் ‘லுகோங்’ என்பாரும் உண்டு. வாலில் தொங்கும் ‘ஆனோ’ ஸ்பானியர் ஒட்டியது.

எனக்குச் சுவையாகப் படுவது இன்னொரு பெயர்: சம்தோய். ‘சாவோ மி தித்தோய்’ என்ற தொடர் பேச்சில் தேய்ந்து அப்படியானது என்பது வழக்கமான விளக்கம். ‘சாவோ’ மொழி, ‘தித்தோய்’ இங்கே. நடுவிலுள்ள ‘மி’தான் கவனிக்க வேண்டியது. தமிழில் ‘நம்’ வேறு, ‘எங்கள்’ வேறு, இலோகானோவிலும் அப்படியே. ‘தாயோ’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், ‘மி’ சேர்க்காது. ‘இங்குள்ள எங்கள் மொழி’ என்றதுமே எதிரில் நிற்பவர் வெளியாள். வந்திறங்கிய அந்நியருக்குச் சொன்ன பதிலோ? என் ஊகம்தான்.

அம்மொழியில் 1621இல் கிறித்தவ மறைக்கல்வி நூலை அச்சிட்ட பிரான்சிஸ்கோ லோப்பெஸ் பாதிரியார், உள்ளூர் எழுத்தில் தனி மெய்யைக் காட்டச் சிலுவைக் குறி ஒன்றைச் சேர்த்தார். நம் புள்ளி செய்யும் அதே வேலை. விகானில் 1849இல் பிறந்த லியோனா புளோரென்டினோ இலோகானோவில் கவிதை எழுதினார். ‘விடியல்’ எனப் பொருள்படும் ‘பன்னவாக்’ என்ற இலோகானோ இதழ் 1934இல் தொடங்கியது. 2012இல் லா யூனியன் மாகாணம் இலோகானோவை ஆட்சிமொழியாக ஏற்றது.