கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்...



கொஞ்சம் நீண்ட பதிவு. பாடும் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் ஒரு வேலையாகப் பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். தறிச் சத்தம் கேட்ட ஒரு வீட்டிலிருந்து "டீச்சர், உள்ளே வாங்க" என்று ஒரு குரல். என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்தவர், இன்று பட்டு நெசவாளர். மோர் கொடுத்து உபசரித்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்: "பாப்பா இன்னும் பாடறாளாப்பா?"

"இல்லைங்க டீச்சர். அத்தோட விட்டுட்டா."

அந்த "அத்தோட" எது என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பெண்ணுக்குப் 12 வயது. நல்ல குரல். ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். தகப்பனார் ஒரு கத்தைக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது டீச்சர். நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்." நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை. "நல்ல வாய்ப்பு, போடுப்பா" என்றேன். நாற்பது வருடம் பிள்ளைகளிடம் "வினாவை முழுசாகப் படி, பிறகு எழுது" என்று சொன்னவள் நான்.

படிக்காமல் விட்ட பக்கங்களில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. நிகழ்ச்சி முடிந்தும் குறிப்பிட்ட காலம் அனுமதி இல்லாமல் வேறு மேடையில் பாடக்கூடாது. அவள் பாட்டும் முகமும் அழுகையும் சேர்த்து எல்லாம் அவர்களுக்குச் சொந்தம். உள்ளே நடந்ததை வெளியே சொன்னால் நஷ்ட ஈடு. அவளுக்குச் சம்பளம் என்று ஒரு வரியும் இல்லை. வீட்டுக்கு வந்து தறியைப் படம் பிடித்தார்கள். கடனைப் பற்றிப் பேசச் சொல்லித் தகப்பனாரை அழ வைத்தார்கள். நாலாவது சுற்றில் அவள் வெளியே வந்தாள். அழுத காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் சொல்லியே கேலி செய்தார்கள். தெருக் கோயில் திருவிழாவில் பாடச் சொன்னபோது, "அக்ரிமென்ட் இருக்குது, கேஸ் போட்டுடுவாங்க" என்று வீட்டிலேயே தடுத்துவிட்டார்கள். பாட வேண்டிய வயதில் வாய் மூடிப் போனாள்.

வீடு திரும்பும்போது ஒன்று தோன்றியது. இது புதிய கதை இல்லை. அதுவும் நம் காஞ்சிபுரத்துக்குக் கொஞ்சமும் புதிதில்லை.

நம் ஊர்ப் பட்டின் பெருமையே கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்க, இரண்டையும் பிணைத்து நெய்வது. அதற்கு நெசவாளர் ஒருவர் போதாது. கரைப் பக்கம் நாடா தள்ளக் கூட ஓர் ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. வீட்டில் கல்யாணம், வைத்தியம் என்று செலவு வரும். தறிக்காரரிடம் பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள். அது அடையும் வரை பிள்ளை தறியில். கூலியோ சொற்பம், கடனோ குறையாது. என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இப்படிக் காணாமல் போன பெயர்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல். அதன் பிறகும் இது நின்றுவிடவில்லை. 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒரு பாடம் கிடைத்தது. பிள்ளையின் விரலை அடகு வைப்பது அன்பாலும் நடக்கும், ஏழ்மையாலும் நடக்கும், பெற்றோர் கையெழுத்தாலும் நடக்கும்.

இதே கதை மேடையிலும் நடந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது, அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. எம்.ஜி.ஆர். தகப்பனை இழந்து, வறுமையில், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். சிவாஜியும் சிறுவனாகவே நாடகக் கம்பெனிக்குப் போனவர். அங்கே மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்தது, பாட்டும் தமிழும் கிடைத்தன. இன்றும் நாம் வியக்கும் கலைஞர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டை விட்டுக் கம்பெனி வீட்டில் வாசம், அடி, இரவு முழுக்க நாடகம். இவையும் அதே இடத்தில்தான் இருந்தன.

அந்தக் காலத்து நாடகக்காரர்கள் "மகரக்கட்டு" என்று ஒரு சொல் சொல்வார்கள். பையனுக்குப் பருவம் வரும்போது குரல் உடைவது. நேற்று வரை பாட்டில் கைதட்டல் வாங்கிய பையன், குரல் உடைந்ததும் திரைக்குப் பின்னால் போய்விடுவான். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் நமக்குத் தெரியும். மகரக்கட்டில் ஒதுங்கிப் போன நூற்றுக்கணக்கான பையன்களின் பெயர் யாருக்குத் தெரியும்? வென்றவரின் கதை மட்டும்தான் எப்போதும் வெளியே வருகிறது. இன்றைய தொலைக்காட்சியிலும் அப்படித்தான்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஐடல்' 2002ல் தொடங்கியது. போட்டியாளரைப் பற்றிச் சங்கடமான, அவதூறான விஷயங்களைக் கூட, உண்மையானாலும் கற்பனையானாலும் காட்டிக்கொள்ளலாம் என்ற பிரிவு அதன் ஒப்பந்தத்தில் இருந்தது அந்த ஆண்டே பத்திரிகையில் வெளிவந்தது. பிரிட்டனில் ஒரு நிகழ்ச்சியில் பங்கேற்றவர் இறந்த பிறகு, 2019ல் அந்த நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. 2021 முதல் பங்கேற்பாளர் நலனைக் கவனிப்பது அங்கே ஒளிபரப்பு விதியாகவே ஆகிவிட்டது. நம் நாட்டில் 2008ல் கொல்கத்தாவில், நடுவர்கள் கடிந்து பேசிய பிறகு 16 வயது மாணவி ஒருத்தி பேச்சும் அசைவும் இழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக நாடெங்கும் செய்தி வந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நான் வழக்கறிஞர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903லேயே பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்துவிட்டது. அதனால்தான் பெற்றோரின் கையெழுத்தை வாங்குகிறார்கள். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் மீது ஒரு விளம்பர நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006ல் தீர்ப்பளித்தது. "கேஸ் போட்டுடுவாங்க" என்று நாம் பயந்த எல்லாமே நிற்கக்கூடியவை அல்ல.

அடுத்தது முக்கியம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016ல் திருத்தப்பட்டு, 2017ல் விதிகள் வந்தன. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை படப்பிடிப்பில் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் எதிலும் கலந்துகொள்ள வைக்கக்கூடாது.

என் மாணவரின் மகளுக்கு அப்போது 12 வயது. இவை அனைத்தும் அவளுக்குப் பொருந்தும். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நானும் சொல்லவில்லை.

போட்டியே தப்பு என்று நான் சொல்லவில்லை. இதே காஞ்சிபுரத்தில் 1919ல் பிறந்த டி.கே. பட்டம்மாளும் சிறுமியாகப் போட்டிகளில் பாடியவர்தான். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம் அது. பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் அவர் திறமையைப் பார்த்து, தயங்கிய தகப்பனாரிடம் பேசி ஊக்கம் கொடுத்தார். ஒரு போட்டிக்கு நடுவராக வந்திருந்தவர் முத்துசாமி தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதர். சிறுமியின் பாட்டைக் கேட்டு, அவரே அவளுக்குக் கீர்த்தனைகள் சொல்லிக் கொடுத்தார். தீட்சிதர் கீர்த்தனை என்றாலே பட்டம்மாள் என்று பிறகு ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் போட்டி அவளுக்கு ஒரு குருவைக் கொடுத்தது. நம் பெண்ணிடமிருந்து இந்தப் போட்டி குரலை வாங்கிக்கொண்டது. ஒரு தலைமையாசிரியை தகப்பனாரிடம் நின்று பேசினார். நான் கடைசிப் பக்கத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே, இவற்றைக் கேளுங்கள்:

1. ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுங்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். "நாளைக்குள்" என்று அவசரப்படுத்தினால் அதுவே ஓர் எச்சரிக்கை.

2. எத்தனை காலம் கட்டுப்பாடு? தோற்று வெளியே வந்த பிள்ளைக்கும் அது உண்டா?

3. ஆட்சியர் அனுமதி எங்கே? வங்கி வைப்பு எங்கே?

4. வீட்டுக் கஷ்டத்தையும் அழுகையையும் காட்டக்கூடாது என்று எழுதித் தருவீர்களா?

காசு இல்லாதவர்கள் காஞ்சிபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

கிளம்பும்போது அந்தத் தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க" என்றார். உள்ளே தறியருகில் அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது 18 வயது, அவள் கையெழுத்து அவளுடையது. "எந்தக் கட்டும் இனி இல்லைம்மா. ஆடி வெள்ளிக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் பாடுகிறாயா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. சிரித்தாள்.

ஆடி மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. காத்திருக்கிறேன்.

பயன்படும் என்று தோன்றினால் பாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை அனுப்பி வையுங்கள்.