உடுவிலிலிருந்து நார்விச்சுக்கு: பதில் வர ஒரு வருஷம்

1819 ஜூன் 8ஆம் தேதி பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' என்ற கப்பல் கிளம்பியது. அதில் நான்கு அமெரிக்க இளம் தம்பதியர்: வின்ஸ்லோ, ஸ்பால்டிங், உட்வர்ட், ஸ்கட்டர். கொல்கத்தா வழியாக இலங்கை வந்து சேர டிசம்பர் ஆகிவிட்டது. போன இடம் யாழ்ப்பாணம்.

மரக்காணத்து உப்பளக் கரையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்தக் கப்பல்மேல் ஏன் அக்கறை? இங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் திண்டிவனம். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் தவித்து, ஆண் டாக்டரை உள்ளே விட மறுத்ததால் இறந்துபோனதும், அதைப் பார்த்த ஐடா ஸ்கட்டர் டாக்டராகி வேலூர் மருத்துவமனையை உருவாக்கியதும் நமக்குத் தெரிந்த கதை. அந்த இரவு நடந்தது திண்டிவனத்தில்தான். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கட்டர் வந்த கப்பல் இண்டஸ். அந்த நூலைப் பிடித்துப் பின்னால் போனபோது, ஸ்கட்டரை விட என்னை நிறுத்தி வைத்தது அதே கப்பலில் வந்த இன்னொருவர்: ஹேரியட் வின்ஸ்லோ.

தமிழ் படிக்கிறவர்களுக்கு வின்ஸ்லோ என்றால் 1862இல் வந்த தமிழ்-ஆங்கில அகராதி. 67,000க்கும் மேல் சொற்கள். அதைத் தொகுத்த மிரன் வின்ஸ்லோவின் முதல் மனைவிதான் ஹேரியட். கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் 1796இல் பிறந்தவர். 1833 ஜனவரியில், முப்பத்தாறு வயதில் உடுவிலில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து மிரன் அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்து நியூயார்க்கில் புத்தகமாகப் போட்டார்.

அந்தக் காலத்துக் கடிதம் எப்படிப் போனது என்று தெரிந்தால்தான் அதன் எடை புரியும். முதலில் செலவு. 1816 சட்டப்படி அமெரிக்கத் தபால் கட்டணம் தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் கணக்கு. 30 மைலுக்குள் ஒரு தாளுக்கு 6 சென்ட், 400 மைலைத் தாண்டினால் 25 சென்ட். இரண்டு தாள் வைத்தால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள்! அதனால் உறையே கிடையாது. எழுதிய தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். பக்கம் தீர்ந்துவிட்டால், தாளைத் திருப்பி, எழுதின வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். பெரும்பாலும் பணம் கட்டுவது அனுப்புகிறவர் இல்லை, வாங்குகிறவர். யாழ்ப்பாணத்துக் கடிதம் பாஸ்டனில் இறங்கி நார்விச் போனால் உள்நாட்டுக் கட்டணம் 12½ சென்ட், கப்பல் கடிதம் என்பதற்காக மேலும் 2. மகளோட ஒரு பக்கத்தைப் படிக்க அம்மா காசு கொடுத்து வாங்கணும்.

அடுத்தது நேரம். எங்கள் தொழிலில் ஒரு செய்தி போய்ப் பதில் வர எத்தனை மில்லி செகண்ட் என்று பார்ப்போம். இங்கே ஏறத்தாழ ஒரு வருஷம். "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று எழுதினால், "இப்ப எப்படி இருக்கு?" என்ற கேள்வி வரும்போது அந்தக் காய்ச்சல் எப்போதோ முடிந்திருக்கும், ஏதோ ஒரு வகையில்.

ஹேரியட்டுக்கு அந்த இடைவெளி வெறும் கணக்காக நிற்கவில்லை. மிஷனரிகள் பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். 1821இல் இலங்கையில் பிறந்த அவருடைய மூத்த மகன் சார்லஸும் அப்படிப் போனான். 1832இல், பதினோரு வயதில், நியூயார்க்கில் இறந்துவிட்டான். செய்தி கடல் தாண்டி வர மாதக்கணக்கு ஆகும். அந்த மாதங்கள் முழுக்க, உடுவில் வீட்டைப் பொறுத்தவரை அவன் உயிரோடுதான் இருந்தான். அப்போது அவனுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால், அது இல்லாத பையனுக்குப் போன கடிதம். அடுத்த ஜனவரியில் அம்மாவும் போய்விட்டார். இப்போது அதே தாமதம் எதிர்த்திசையில்: நார்விச்சில் அவர் இன்னும் சில மாதம் உயிரோடு இருந்தார்.

இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அது அந்தரங்கம் மட்டும் இல்லை. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள். மிஷனை அனுப்பிய பாஸ்டன் சங்கம் 'மிஷனரி ஹெரால்ட்' பத்திரிகையில் கடிதங்களை அச்சிட்டது. 1812இல், பத்தொன்பது வயதில், மொரீஷியஸில் இறந்த ஹேரியட் நியூவெல்லின் கடிதங்களும் நாட்குறிப்பும் புத்தகமாகி அமெரிக்கா முழுக்கப் பரவின. பெண் குழந்தைகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதனால் அம்மாவுக்கு எழுதும் பெண்ணுக்கும் ஊரே படிக்கலாம் என்று தெரியும். ஹேரியட் வின்ஸ்லோவின் மூன்று தங்கைகளும், அவர் இறந்த பிறகு, அதே இலங்கை மிஷனுக்கு வந்தார்கள் என்றால் அந்த வீட்டில் கடிதங்களுக்கு என்ன செல்வாக்கு இருந்திருக்கும், பாருங்கள்.

சரி, உடுவில் வீட்டுக்குள் யார் யார்? வேலைக்காரர்கள், பக்கத்து ஊர் மாணவிகள். 1824இல் அங்கே பெண்களுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளி ஆசியாவின் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று, இன்றும் நடக்கிறது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றால், அவர் சொன்ன பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பது மிஷன் பள்ளிகளில் வழக்கம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளில் ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. அந்தக் 'கரோல்' அப்படிப்பட்ட பள்ளியில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆணுக்குப் பெரிய படிப்பு இருந்ததால் சொந்தப் பெயரும் கூடவே நின்றது. கடிதத்தில் அமெரிக்கப் பெயரோடு ஒரு சிறுமி வந்தால், அவளுக்கு அம்மா வைத்த பெயர் எது?

இப்போது நம்ம கரைக்கு வருவோம். 1805இல் சென்னை மாகாண உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. ஹேரியட் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இந்தக் கடற்கரையிலும் குடும்பங்கள் பாத்தி மிதித்து, உப்பு வாரி, மழைக்கு முன் குவித்து மூடிக்கொண்டிருந்தன. கம்பெனிக் கணக்குக்கு வேண்டியது கரிசை. ஒரு கரிசை 400 மரக்கால். எந்த அளத்தில் எத்தனை கரிசை, என்ன விலை. வாரின பெண்ணுக்கு அந்த வருஷம் குழந்தை பிறந்ததா, எது தங்கியது என்பது கணக்கில் வரும் விஷயம் இல்லை.

கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும்தான் வீடு இருந்தது என்று வரலாறு படித்தால் தோன்றும். நார்விச்சுக்கு எழுத்து, தாள், அரக்கு, காசு கொடுத்து வாங்க ஆள், அப்புறம் தூக்கிப் போடாமல் வைக்க ஒரு பெட்டி, எல்லாம் இருந்தது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ஹேரியட்டின் மகள் வழிக் கொள்ளுப்பேரன்தான் ஐசனோவர் காலத்து வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். நம்ம ஐடி ஆட்கள் இறங்குகிற வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம் அவர் பெயரில்தான். அப்படிப்பட்ட குடும்பங்களின் பெட்டிகள் நூலகத்துக்குப் போகும். நம்ம வீட்டுப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போகும்.

ஆனா இருநூறு வருஷம் கழிச்சு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. மரக்காணம், கூனிமேடு, அனுமந்தை பக்கம் எத்தனையோ வீடுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த ஏர்மெயில் கடிதங்கள் இன்னும் இருக்கும். பலதை எழுதியது வேற ஆள், படிச்சுக் காட்டினது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. உங்க வீட்டில் ஒண்ணு இருந்தாலும் ரெண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்க. தபால் முத்திரைத் தேதி தெரியட்டும். கூடவே மூணு விஷயம் எழுதி வையுங்க: யார் சொல்லச் சொல்ல யார் எழுதினது, யார் படிச்சுக் காட்டினாங்க, அப்போ வீட்டில் வேற யார் யார் இருந்தாங்க. கடிதத்தில் இல்லாத பெயர்களைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்காங்க. அவங்களைக் கேட்க இதுதான் நேரம்.