வேர்ஜீனியஸ் விவகாரம்: 1873

கடல் எந்த அரசுக்கும் உரிய நிலமன்று. நடுக்கடலிற் செல்லும் கப்பலொன்று, தான் தாங்கிய கொடிக்குரிய நாட்டின் சட்டத்துக்கே உட்பட்டது. இவ்விரண்டும் சர்வதேசச் சட்டத்தின் பழைய கோட்பாடுகள். ஆயின், அக்கொடியே பொய்யாகப் பெறப்பட்டதாயின் யாது செய்வது? பொய்க்கொடி தாங்கிய கப்பலில் இருந்தோரை, விசாரணை என்னும் பெயரளவான சடங்கொன்றின் பின் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொல்லலாமா? 1873ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெயினையும் ஐக்கிய அமெரிக்காவையும் போரின் விளிம்புக்குக் கொண்டுவந்த வேர்ஜீனியஸ் விவகாரம் இவ்வினாக்களையே எழுப்பிற்று.

விவகாரத்தின் பின்னணி

1868ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் கார்லோஸ் மனுவெல் டி செஸ்பெடஸ் என்பார் கியூபாவின் விடுதலைக் கொடியை உயர்த்தினார். அன்று தொடங்கிய போர் பத்தாண்டுகள் நீடித்தமையாற் பத்தாண்டுப் போர் எனப் பெயர் பெற்றது. ஸ்பெயினின் பேரரசு பெரும்பாலும் சிதைந்துபோன காலம் அது. எஞ்சிய தீவுகளுள் கரும்புச் செல்வம் மிக்க கியூபாவே தலையாயது. ஆகவே அதனை இழக்க ஸ்பெயின் ஒருப்படவில்லை. புரட்சியாளருக்கோ படைக்கலம் இல்லை. நியூயோர்க்கில் வாழ்ந்த கியூபர் பணந் திரட்டி, ஆயுதங்களையும் ஆட்களையும் கள்ளமாகக் கப்பலேற்றி அனுப்பலாயினர். இத்தகைய கப்பல்களைக் கடற்கொள்ளைக் கப்பல்களாகக் கொண்டு, அவற்றிற் பிடிபடுவோரைக் கொல்லுமாறு 1869ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கியூபாவின் ஸ்பானிய ஆட்சி கட்டளை பிறப்பித்தது. நடுக்கடலில் இக்கட்டளை செல்லாதென வாசிங்டன் அப்பொழுதே ஆட்சேபித்தது.

வேர்ஜீனியஸ் அத்தகைய கப்பல்களுள் ஒன்று. 1864இல் ஸ்கொத்லாந்தின் கிளைட் நதிக்கரையிற் கட்டப்பட்ட இப்பக்கச் சக்கர நீராவிக் கப்பல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலங்களுக்காக முற்றுகையை ஊடுருவிச் செல்வதற்கென அமைந்தது. 1870இல் பற்றர்சன் என்னும் அமெரிக்கர் தாமே இதன் முழு உரிமையாளர் எனச் சத்தியஞ் செய்து நியூயோர்க்கிற் பதிவு செய்வித்தார். அச்சத்தியம் பொய், கப்பலை வாங்கிய பணம் கியூபப் புரட்சியாளருடையது. ஆயினும் பதிவுப் பத்திரம் கைக்கு வந்தது; அமெரிக்கக் கொடியும் பாய்மரத்தில் ஏறியது.

பிடிபட்டமை

1873ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வேர்ஜீனியஸ் ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் துறையிலிருந்து புறப்பட்டது. மீகாமன் ஜோசப் பிறை, அமெரிக்கக் கடற்படையிலும் பின்னர் தென்மாநிலங்களின் கடற்படையிலும் கடமையாற்றியவர். கப்பலில் நூற்றைம்பதின்மர் வரையில் இருந்தனர். போராடச் சென்ற கியூபரும் அவருள் இருந்தனர்; கூலிக்காகக் கப்பலேறிய மாலுமிகளும் இருந்தனர். ஹெயிற்றியில் ஆயுதங்களை ஏற்றிக்கொண்டு கியூபாவை அணுகியபோது ஸ்பானியப் போர்க்கப்பலான தொர்னாடோ அதனைக் கண்டு துரத்திற்று. ஆயுதங்களைக் கடலில் வீசிவிட்டு வேர்ஜீனியஸ் ஜமெய்க்காவை நோக்கி விரைந்தது. எனினும் பல மணிநேர ஓட்டத்தின் பின், ஒக்ரோபர் 31ஆம் நாளிரவு நடுக்கடலில் அகப்பட்டது. துரத்திய தொர்னாடோவும் அதே கிளைட் நதிக்கரையில், அதே தென்மாநிலங்களுக்காகக் கட்டப்பட்ட கப்பலே என்பது வரலாற்றின் விந்தை.

கப்பல் சாந்தியாகோ டி கியூபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆங்குத் தளபதி புரியெல் அதிகாரஞ் செலுத்தினார். போர்க்கப்பலிலேயே இராணுவ நீதிமன்றங் கூடியது. நவம்பர் 4ஆம் நாள் காலையில் வரோனா, பெத்ரோ டி செஸ்பெடஸ், ஹெசுஸ் டெல் சோல், றையன் ஆகிய நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெத்ரோ, புரட்சித் தலைவர் செஸ்பெடசின் உடன்பிறந்தார். கைதிகளுக்காக அமெரிக்கத் துணைக் கொன்சல் எழுதிய கடிதங்களுக்குப் புரியெல் உடன் விடையளித்திலர். பின்னர் அளித்த விடையிலே, அனைத்துப் புனிதர் திருநாளும் இறந்தோர் நினைவு நாளும் குறுக்கிட்டமையால் அலுவலர் வழிபாட்டில் ஈடுபட்டிருந்தனர் எனக் காரணங் கூறினார். நவம்பர் 7ஆம் நாள் மீகாமன் பிறையும் மாலுமிகளுமாக 37 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் மேலும் 12 பேர். ஆக மொத்தம் 53 உயிர்கள்.

நவம்பர் 6ஆம் நாளிலேயே, தண்டனைகளை நிறுத்துமாறு ஸ்பானியக் குடியரசின் தலைவர் எமிலியோ கஸ்தெலார் ஹவானாவுக்குத் தந்தி கொடுத்திருந்தார். ஹவானாவுக்கும் சாந்தியாகோவுக்கும் இடையிலான தந்திக் கம்பிகளைப் புரட்சியாளர் அறுத்திருந்தமையால் அக்கட்டளை உரிய வேளையிற் சேரவில்லை. புரட்சியாளர் அறுத்த கம்பி புரட்சிக்குத் துணைநின்றோரின் உயிருக்கே உலையாயிற்று. இறுதியிற் கொலையைத் தடுத்தது பிரித்தானியப் போர்க்கப்பலான நியோபே ஆகும். கைதிகளுட் பிரித்தானியப் பிரசைகளும் இருந்தமையால் ஜமெய்க்காவிலிருந்து விரைந்து வந்த அதன் தலைவர் சேர் லாம்ப்ரன் லொறெயின், கொலை தொடருமாயின் நகரைப் பீரங்கியால் தாக்கப்போவதாக எச்சரித்தார் என்பர். அதன்பின் எவரும் கொல்லப்படவில்லை.

இராசதந்திரப் போராட்டம்

செய்தி எட்டியதும் அமெரிக்க நகரங்களிற் கண்டனக் கூட்டங்கள் மூண்டன. போர் என்னும் முழக்கம் எழுந்தது. ஆயின் சனாதிபதி கிராண்டும் இராஜாங்கச் செயலாளர் ஹமில்ற்றன் பிஷ்ஷும் போரை விரும்பினாரல்லர். அதற்குக் காரணங்கள் பல. செப்டெம்பரில் மூண்ட பெரும் நிதி நெருக்கடி நாட்டை வாட்டியது. உள்நாட்டுப் போரின்பின் கவனிப்பாரற்ற கடற்படை பழுதுற்றிருந்தது. அவ்வேளை நியூயோர்க் துறையில் நின்ற அராபிலெஸ் என்னும் ஒரே ஸ்பானிய இரும்புக்கவசக் கப்பலை எதிர்க்கவல்ல கப்பல்தானும் அதனிடம் இருக்கவில்லை. ஸ்பெயினோ அவ்வாண்டு பெப்ரவரியிலேயே குடியரசாகியிருந்தது. வடக்கே கார்லோஸ் கட்சியினரின் போரும் கார்த்தஹேனாவிற் கலகமும் அதனை அலைக்கழித்தன. கியூபாவிற் பதவியிலிருந்தோர் மத்ரிட்டின் சொல்லைக் கேட்பாரோ என்பதே ஐயத்துக்குரியதாயிற்று.

மற்றுமொரு நுட்பமும் உண்டு. முந்திய ஆண்டிலேதான், தென்மாநிலங்களுக்கெனப் போர்க்கப்பல்கள் தன் துறைகளினின்றும் புறப்பட விட்ட குற்றத்திற்காக, ஜெனீவா நடுவர் மன்றின் தீர்ப்பின்படி பிரித்தானியாவிடமிருந்து 1 கோடியே 55 இலட்சம் டொலர் நட்டஈட்டை அமெரிக்கா பெற்றது. அந்நீதியைப் பிறர்பாற் கோரிய நாடு, தன் துறையிலிருந்து பிறநாட்டுப் புரட்சிக்குக் கப்பல் சென்றதைக் கண்டுகொள்ளாது விடல் எங்ஙனம்?

மத்ரிட்டில் அமெரிக்கத் தூதுவர் சிக்கிள்ஸ் கடுமொழி பேசிப் பேச்சை முறியும் நிலைக்குக் கொணர்ந்தார். பிஷ்ஷோ ஸ்பானியத் தூதுவர் அத்மிரால் போலோவுடன் வாசிங்டனிலேயே பேச்சு நடத்தினார். நவம்பர் 29ஆம் நாள் உடன்பாடு கண்டது. கப்பலையும் எஞ்சியோரையும் ஸ்பெயின் ஒப்படைத்தல் வேண்டும். அக்கொடி தாங்க வேர்ஜீனியசுக்கு உரிமையில்லை எனக் காட்டாதுவிடின், டிசெம்பர் 25ஆம் நாள் அமெரிக்கக் கொடிக்கு மரியாதை வேட்டுத் தீர்த்தல் வேண்டும்.

டிசெம்பர் 16ஆம் நாள் கப்பலும், 18ஆம் நாள் உயிர் தப்பிய 91 பேரும் கையளிக்கப்பட்டனர். இதற்கிடையில், 17ஆம் நாள் அமெரிக்கச் சட்டமா அதிபர் வில்லியம்ஸ் தம் கருத்தை வெளியிட்டார்: பதிவு மோசடியாற் பெறப்பட்டது, ஆகவே அக்கொடிக்குக் கப்பல் உரியதன்று. எனினும் நடுக்கடலில் அதனைச் சிறைப்பிடிக்க ஸ்பெயினுக்கும் உரிமை இருந்ததில்லை. கொடிமரியாதை கைவிடப்பட்டது. கப்பலோ வடக்கே இழுத்துச் செல்லப்படுகையிற் டிசெம்பர் 26ஆம் நாள் பியர் முனைக்கு அப்பால் ஆழ்ந்தது. 1875இல் ஸ்பெயின் 80,000 டொலர் நட்டஈடளிக்க இசைந்தது. பிரித்தானியப் பிரசைகளுக்குக் கிடைத்த ஈடு, வெள்ளையருக்கு 500 பவுணும் கறுப்பினத்தவருக்கு 300 பவுணுமாக வகுக்கப்பட்டது. சாவிற் சமமானவர், விலையிற் சமமாகவில்லை.

விவகாரம் உணர்த்துவது

கப்பலின் பொய்யும் கொலையின் கொடுமையும் வெவ்வேறானவை. முன்னையது பின்னையதை நியாயமாக்காது. தன்னலத்துக்காக எல்லா நாட்டாரையும் சூறையாடுவோனே கடற்கொள்ளைக்காரன்; ஒரு புரட்சிக்கு ஆயுதங் கொண்டு செல்வோன் அவனாகான். குற்றஞ் சாட்டப்பட்டோருக்கு வழக்குரைஞரும் முறையான விசாரணையும் வேண்டுமென 1795ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் ஸ்பெயினே இசைந்திருந்தது. அவ்வுறுதி, தளபதியொருவரின் சினத்தின்முன் ஒருவார காலந்தானும் நிற்கவில்லை.

ஆராயாது தண்டம் வழங்கிய பாண்டியன் கதையை நாம் அறிவோம். ஆங்கே கோவலன் குற்றமற்றவன். ஆதலின் அநீதி வெளிப்படையாயிற்று. வேர்ஜீனியஸ் கப்பலோ குற்றமற்றதன்று. அதனாலேயே இவ்வழக்கு நம் சிந்தனைக்குக் கூடுதலாக உரியது. குற்றமற்றவனுக்கு நீதி வேண்டுதல் எளிது. குற்றமுடையவனுக்கும் முறையான விசாரணை உண்டென நிற்றலே சட்டத்தின் ஆட்சி. பிஷ்ஷும் போலோவும் தத்தம் நாட்டின் குறையையும் ஓரளவு ஒப்புக்கொண்டமையாற் பேரழிவொன்று அன்று தவிர்ந்தது. ஆயின் கியூபாவின் வேட்கை தீரவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து, 1898இல், அதே சாந்தியாகோத் துறையின் வெளியே ஸ்பானியக் கடற்படையை அமெரிக்கக் கப்பல்கள் அழித்தன. அமைதி ஒத்திவைத்த கணக்கைப் போர் வந்து முடித்தது.