கணக்கில் வராத பசி: போரும் பிள்ளைகளின் போசாக்கும்

பேலியகொடை மத்திய மீன் சந்தைக்கு விடியுமுன் வந்து சேரும் லொறிகளில் மன்னாரில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும் வருபவை உண்டு. இன்று கொழும்புக்கு மீன் அனுப்பும் இந்தக் கரைகளில், போர்க்காலத்தில் கடலில் இறங்குவதற்கே தடைகள் இருந்தன. நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, உயர் பாதுகாப்பு வலயம் எனப் பலவும் தொழிலை முடக்கின. தொழில் நின்ற வீட்டில் பிள்ளையின் கோப்பையில் முதலில் குறைந்தது மீன்தான்.

போர் குண்டுகளால் மட்டும் பிள்ளைகளைக் கொல்வதில்லை. இது எமது மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் பசி எந்த வழிகளால் ஒரு பிள்ளையைத் தாக்குகிறது, அதன் தாக்கம் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை விளங்கி வைத்திருப்பது அவசியம்.

பசி வரும் வழிகள்

முதலாவது, உணவு உற்பத்தி அழிகிறது. வயல் கைவிடப்படுகிறது, மாடுகள் தொலைகின்றன, கண்ணிவெடி புதைந்த நிலத்தில் விதைக்க முடிவதில்லை.

இரண்டாவது, பாதை அடைபடுகிறது. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் உரமும் அடங்கின. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அத்தியாவசியப் பொருட்களின் விலை பல மடங்கு ஏறியது.

மூன்றாவது, நோய். அசுத்தமான தண்ணீரும் நெரிசலான முகாமும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவருகின்றன. வயிற்றோட்டம் வந்த பிள்ளையின் உடலில் உண்ட உணவும் ஒட்டுவதில்லை. மெலிந்த பிள்ளையை நோய் இலகுவில் பிடிக்கும், நோய் மேலும் மெலிய வைக்கும்.

நான்காவது, தாய். பயமும் களைப்பும் தாய்ப்பால் இறங்குவதைத் தற்காலிகமாகத் தடுக்கலாம். ஆனால் பால் முற்றாக வற்றிவிட்டது என்பது பெரும்பாலும் தவறான முடிவு. அடிக்கடி பால் கொடுக்கக் கொடுக்கச் சுரப்பு திரும்பும். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டிப்பால் கொடுப்பதே பெரிய ஆபத்து.

வன்னியில் நடந்தது

2008 செப்ரெம்பரில் ஐ.நா. மற்றும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களின் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதன்பின் உலக உணவுத் திட்டத்தின் லொறிகள் இடையிடையே போய்வந்தன. 2009 ஜனவரியோடு தரைவழி விநியோகம் நின்றது. பெப்ரவரியில் இருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பல்களே வழி.

அப்போது அரசாங்கம் உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று சொன்னது. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ஆட்களைக் குறைத்துக் கணக்கிட்டால் அனுப்பும் அரிசியும் மருந்தும் அதன்படியே குறையும். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் இதனைச் சுட்டிக்காட்டியது.

அரிசி, தண்ணீர், உப்பு சேர்ந்த முள்ளிவாய்க்கால் கஞ்சி பலரின் உயிரைப் பிடித்து வைத்தது. ஆனால் வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதமும் இரும்புச் சத்தும் விற்றமின் ஏயும் அதில் இல்லை என்றே சொல்லலாம்.

எண்ணப்படாத பிள்ளைகள்

நாட்டின் பிள்ளைகளுடைய உயரமும் நிறையும் குடித்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பில் அளக்கப்படுகின்றன. 2006-07 கணக்கெடுப்பில் வடமாகாணம் சேர்க்கப்படவில்லை. 25 மாவட்டங்களும் அடங்கிய கணக்கெடுப்பு 2016இலேயே வந்தது. ஆகவே போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் எமது பிள்ளைகள் எவ்வளவு மெலிந்தார்கள் என்பதைக் காட்டும் ஒப்பீட்டுக் கணக்கு தேசிய ஏட்டில் இல்லை. 2016இல் நாடளாவிய ரீதியில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும், 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமலும் இருந்தனர்.

போர் முடிந்தாலும்

கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான 1,000 நாட்களில் ஏற்படும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது கடினம். நெதர்லாந்தில் 1944-45 பட்டினிக் காலத்தில் கருவில் இருந்தவர்களுக்கு முதிர்ந்த வயதில் நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. நைஜீரியாவின் பியாஃப்ராப் போரைச் சிறுவயதில் அனுபவித்த பெண்களின் உயரம் குறைந்திருந்தது. 2009இல் வன்னியில் பிறந்த பெண் பிள்ளைகள் இனித் தாயாகும் வயதுக்கு வருகிறார்கள். அவர்களுடைய போசாக்கு அடுத்த தலைமுறையின் பிறப்பு நிறையையும் தீர்மானிக்கும்.

பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகப் பயன்படுத்துவதை 2018 மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2417ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. ஆயினும் 2025 ஓகஸ்டில் காஸாவில் பஞ்சம் உறுதிப்படுத்தப்பட்டது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கவனம் தேவை. 11.5க்குக் குறைந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரு பாதங்களிலும் வீக்கம் இருந்தாலும் அப்படியே. பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காரணம் கேளுங்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் திரிபோஷா இலவசமாக வழங்கப்பட வேண்டியது. அது கிடைக்காவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவாகாத பசிக்கு எவரும் பொறுப்புக் கூறுவதில்லை என்பதை நாம் ஒருமுறை அனுபவித்துவிட்டோம்.