நோயுற்ற பிள்ளையும் அயல்வீட்டுப் பராமரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் ஆலையைப் பற்றியும் ஆலையுட் சென்ற பெண்ணைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். அப்பெண் காலையிற் புறப்படுமுன் தன் கைக்குழந்தையை எவர் வீட்டு வாசலில் விட்டுச் சென்றாள் என்ற வினா அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. அக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் அவள் என் செய்தாள் என்பது அதனினும் குறைவாகவே கேட்கப்பட்டது. எனினும், பிள்ளை பராமரிப்பு என்னும் சமூக ஏற்பாட்டின் தன்மையை உண்மையில் வெளிப்படுத்துவது பிள்ளை சுகமாக இருக்கும் நாளன்று. அது நோயுற்ற நாளேயாகும். நோயுற்ற பிள்ளையை ஏற்றுக்கொண்டால் ஏனைய பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடும். ஏற்காது திருப்பியனுப்பினால் தாய் அன்றைய கூலியை இழப்பாள். “நோயுற்ற பிள்ளைகள் ஏற்கப்படமாட்டார்” என்னும் ஒற்றை வரி விதி வைத்திய விதியாகவே தோற்றமளிப்பினும், அந்நாளின் இழப்பை யார் தாங்குவது என்ற பொருளாதார வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையாகவும் அது இருந்துவந்துள்ளது. அவ்விதி பிரான்சிலும் இங்கிலாந்திலும் உருப்பெற்ற முறையினையும், பிற்கால மருத்துவ அறிவு அதனை மாற்றியமைத்த முறையினையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லங்காஷயர்ப் பருத்தி ஆலைகளுக்குச் சென்ற தாய்மார் பெரும்பாலும் அயலிலுள்ள மூதாட்டி ஒருத்தியிடமோ, சுகவீனத்தால் ஆலைவேலையை விட்ட பெண்ணிடமோ குழந்தையை ஒப்படைத்துச் சென்றனர். இவ்வாறு பிள்ளை பார்த்த பெண்களுக்குக் கிடைத்த ஊதியம் அற்பமானது. ஆகவே ஒரே அறையிற் பல குழந்தைகளை வைத்துப் பார்க்கவேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. நோயுற்று அழும் குழந்தையை அடக்க அவர்கள் கையாண்ட மருந்து ‘கொட்பிறி கோடியல்’ என்பது. அபினியும் சர்க்கரைப் பாகும் கலந்த இத்திராவகம் சில்லறைக் கடைகளிலும் விற்கப்பட்டது. பெருநகரங்களின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஆணைக்குழுவுக்காக 1845இல் லங்காஷயர் நகரங்களைப் பற்றி அறிக்கையிட்ட லயன் பிளேபெயர், அபினி கலந்த மருந்துகள் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டமையை விரிவாக எடுத்துக் காட்டினார். அபினி குழந்தையின் பசியை மந்தப்படுத்தும். பசியின்றிக் கிடக்கும் குழந்தை மெல்ல மெலிந்து மாயும். 1868ஆம் ஆண்டின் மருந்தாளர் சட்டம் அபினி விற்பனையைக் கட்டுப்படுத்தியபோதும் காப்புரிமை பெற்ற மருந்துகளுக்கு விலக்களித்தமையால் இவ்வழக்கம் உடனடியாக ஒழியவில்லை. பிள்ளை பார்த்த பெண்களின் கொடுமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அதே மருந்தைத் தாய்மாரும் தம் வீட்டிற் கொடுத்தனர் என்பதையும், வைத்தியரை அழைக்கும் பொருள்வசதி இரு சாராருக்கும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி நியாயமான முடிவுக்கு வருதல் அரிது.

அயல்வீட்டு ஏற்பாட்டுக்கு மாற்றாக எழுந்ததே குழந்தைக் காப்பகம். பாரிசு மாநகரின் முதலாம் வட்டாரத்தில் உதவி நகரபிதாவாக இருந்த பிர்மன் மார்போ, 1844 நவம்பர் 14ஆம் நாள் சயோ பகுதியில் முதலாவது காப்பகத்தைத் திறந்துவைத்தார். இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு அந்நகரிற் பாலர் நிலையங்கள் ஏலவே இருந்தன. தொட்டிற் பருவத்தினர்க்கு எதுவும் இல்லாமையை அவர் கண்டார். தாய் நாளொன்றுக்கு 20 சதம் செலுத்தவேண்டும். அயல்வீட்டுப் பெண்ணுக்கு அவள் கொடுத்துவந்த தொகையோடு ஒப்பிடின் இது மிகக் குறைவானது. வேலையிடையே வந்து பாலூட்டிச் செல்லவும் அவளுக்கு இடமளிக்கப்பட்டது. வைத்தியர் ஒழுங்காக வந்து பார்வையிட்டார். அம்மைப்பால் குத்துதல் வற்புறுத்தப்பட்டது. நோயுற்ற குழந்தை ஏற்கப்படவில்லை.

இவ்விறுதி விதியின் தேவையை மறுத்தல் இயலாது. குழந்தைகளை ஓரிடத்திற் கூட்டுதல் நோயைக் கூட்டுவதாகும் என்று காப்பகங்களை எதிர்த்த வைத்தியர் அக்காலத்திற் பலர். அவர்களுக்கு மறுமொழி கூறவேண்டிய நிலையில் இருந்த புரவலர்கள், தம் நிலையத்தின் நற்பெயரைக் காத்தற்கு நோயாளிக் குழந்தையை வாசலிலேயே நிறுத்தினர். ஆனால் வாசலில் நிறுத்தப்பட்ட குழந்தை மறைந்துபோவதில்லை. தாயிடம் கூலி இழக்கும் வசதி இல்லையெனில், காப்பகம் யாருக்கு மாற்றாகத் தோன்றியதோ அதே அயல்வீட்டுப் பெண்ணிடமே அது மீண்டுஞ் சென்றது. சுகமான பிள்ளை காப்பகத்துக்கும் நோயுற்ற பிள்ளை அயல்வீட்டுக்கும் என்ற இப்பிரிவினையை எவரும் திட்டமிட்டு வகுக்கவில்லை. வாசலில் எழுதப்பட்ட விதியே அதனை உண்டாக்கிற்று.

இதனை உணர்ந்து செயற்பட்டோர் மிகச் சிலரே. 1871இல் இலண்டன் கிழக்குப் பகுதியான ராட்கிளிவில் பிரசெல்சு நகரக் காப்பகத்தைப் பின்பற்றித் தம் நிலையத்தை நிறுவிய மரி ஹில்ற்றன் அம்மையார், அதனோடு சிறு குழந்தை மருத்துவ விடுதியொன்றையும் இணைத்தார். பிள்ளைகளை வாசலிலே பிரித்தறிவதோடு நில்லாது, பிரிக்கப்பட்ட பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற கருத்து அவர் செயலிற் புலப்படுகின்றது. இம்முறை பரவலாகப் பின்பற்றப்படவில்லை. செலவே காரணமென ஊகிக்கலாம். (நமது மலைநாட்டுத் தோட்டங்களின் பிள்ளைக்காம்பராவும் இக்காப்பக மரபின் கிளையாகவே கருதத்தக்கது. ஆயின் தோட்ட நிருவாகத்தின் தேவையாற் பிறந்த அதன் வரலாறு வேறு, தனியே ஆராயப்படவேண்டியது.)

இனி, அரசு இவ்விடயத்திற் புகுந்த முறையினை நோக்குவோம். பிறர் குழந்தைகளைக் கூலிக்கு வாங்கி மாளவிட்ட குற்றத்துக்காக மார்கரெட் வாட்டர்ஸ் என்பவள் 1870 ஒக்ரோபரிற் தூக்கிலிடப்பட்டாள். அதனால் எழுந்த கொந்தளிப்பின் விளைவே 1872ஆம் ஆண்டின் குழந்தை உயிர்ப் பாதுகாப்புச் சட்டம். முதலிற் கொணரப்பட்ட சட்டமூலம் பகற்பொழுதில் மட்டும் பிள்ளை பார்ப்போரையும் உள்ளடக்க முயன்றது. பெண்ணுரிமைக்காகக் குரல்கொடுத்த இயக்கத்தினர் இதனை வன்மையாக எதிர்த்தனர். உழைக்கும் தாய் தன் அயலவளோடு செய்துகொள்ளும் ஒழுங்கில் அரசு தலையிடின், அது ஈற்றிற் பெண்களின் வேலைவாய்ப்பையே தடுக்கும் என்பது அவர்தம் வாதம். வாதம் வென்றது. ஒரு வயதுக்குட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை 24 மணிநேரத்துக்கு அதிகமாகக் கூலிக்கு வைத்திருப்போர் மட்டுமே பதிவு செய்யவேண்டும் எனச் சட்டம் நிறைவேறிற்று. 1897ஆம் ஆண்டுச் சட்டமும் 1908ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமும் 48 மணிநேர எல்லையை வைத்தமையால் பகற்பொழுதுப் பராமரிப்பு தொடர்ந்தும் சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. பிரான்சிலோ 1874 டிசம்பர் 23ஆம் நாளின் ரூசெல் சட்டம், பெற்றோர் இல்லத்துக்கு வெளியே கூலிக்கு விடப்பட்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அரசின் கண்காணிப்பிற் கொண்டுவந்தது. பெண்களின் சுதந்திரத்தைக் காக்க முனைந்தோரின் வெற்றி, இங்கிலாந்தில் அயல்வீட்டுக் குழந்தையை முக்கால் நூற்றாண்டு காலம் கண்காணிப்பின்றி விட்டது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அவர்கள் வாதத்தில் உண்மை இருந்தமையும் மறுக்கற்பாலதன்று.

தொற்றுநோய்ச் சட்டங்களும் இத்துறையிற் பேருதவி புரியவில்லை. 1889இல் இயற்றப்பட்டு 1899இல் இங்கிலாந்து முழுமைக்கும் கட்டாயமாக்கப்பட்ட தொற்றுநோய் அறிவித்தற் சட்டம் பெரியம்மை, தொண்டைக்கரப்பன், செங்காய்ச்சல் முதலியவற்றை உள்ளடக்கியது. சின்னமுத்தும் குக்கலும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. சிறுவரிடையே பேரழிவு விளைத்த இவ்விரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தே தீரும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே அவை நாடளாவிய நிலையில் நிலையாக அறிவிக்கப்படும் நோய்களாயின.

அப்போர்க்காலத்திற் பெண்களை ஆயுத ஆலைகளுக்கு ஈர்க்க அரசு 1500க்கு மேற்பட்ட காப்பகங்களை நடாத்திற்று. போர் முடிந்ததும் அவற்றுட் பல மூடப்பட்டன. தாய்மாரின் வேலை முடிவுறவில்லை. இச்சூழலிற் பிறந்ததே 1948ஆம் ஆண்டின் காப்பகங்கள், பிள்ளை பராமரிப்போர் ஒழுங்காக்கற் சட்டம். தம் வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அயற்பிள்ளைகளைக் கூலிக்குப் பார்ப்போர் முதன்முறையாக உள்ளூர்ச் சுகாதார அதிகாரசபையிற் பதிவுசெய்ய வேண்டியவராயினர். இச்சட்டத்தின் வாசகம் ஊன்றி நோக்கத்தக்கது. காப்பகங்களைப் பொறுத்தவரை பிள்ளைகளை மருத்துவ மேற்பார்வையில் வைத்திருக்குமாறு பணிக்க அதிகாரசபைக்கு இடமளிக்கப்பட்டது. வீட்டிற் பார்க்கும் பெண்ணுக்கோ பிள்ளைகளைத் தொற்றுநோய்க்கு உட்படாது காக்க முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டும் என்ற ஒரு வரியே உரித்தாயிற்று. முன்னெச்சரிக்கை யாது, திருப்பியனுப்பப்பட்ட பிள்ளை எங்கே செல்வது, இழந்த கூலியை யார் ஈடுசெய்வது என்பன பற்றிச் சட்டம் வாளாவிருந்தது. 1968ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரேயொரு பிள்ளையைப் பார்ப்போரையும் பதிவுக்கு உட்படுத்தியது. ஆயினும் பதிவின்றிப் பிள்ளை பார்த்தோர் தொகை பெரிதாகவே இருந்தது. 1970களின் முற்பகுதியிற் பிறையன் ஜக்சனும் அவர்தம் குழுவினரும் ஹடர்ஸ்பீல்ட் நகரத் தெருக்களில் வைகறையிலே நின்று, தாய்மார் பிள்ளைகளைச் சுமந்து எவ்வெவ் வாசல்களுக்குச் செல்கின்றனர் எனக் கண்காணித்தனர். விடிவதற்கு முன் திறக்கும் அவ்வாசல்களிற் காய்ச்சற்காரப் பிள்ளை எது, சுகமான பிள்ளை எது என அவ்வேளையிற் சொல்லக்கூடிய வைத்தியர் எவரும் இரார்.

உண்மையில் வைத்தியர் இருந்திருப்பினும் அவர் பணி எளிதன்று. இதுவே விலக்கல் விதியின் அடிப்படைக் குறைபாடாகும். சின்னமுத்து கண்ட பிள்ளை உடலிற் செம்புள்ளிகள் தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்னரே நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். கொப்புளிப்பானும் கொப்புளம் எழுமுன்னரே தொற்றும். குக்கல், அதற்குரிய இருமல் ஒலி கேட்குமுன், சாதாரண தடிமன்போற் காணப்படும் காலத்திலேயே மிகுதியாகப் பரவும். ஆகவே வாசலில் நின்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் திருப்பியனுப்பும் பெண், பல சந்தர்ப்பங்களிற் காலந்தாழ்த்தியே திருப்பியனுப்புகின்றாள். ஐக்கிய அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பகுதியிற் செங்கண்மாரி பரவியமை பற்றி 1980இல் வெளியான ஆய்வு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அரையாடை மாற்றும் பருவத்துப் பிள்ளைகளே நோயைப் பரப்பினர். ஆனால் அவர்களிற் பெரும்பாலாரிடம் நோய்க்குறி எதுவும் தென்படவில்லை. கண் மஞ்சளித்துப் படுத்தோர் பெற்றோரும் பணியாளருமே. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, பணியாளர் ஒழுங்காகக் கைகழுவிய நிலையங்களில் வயிற்றோட்டம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்ததைக் காட்டிற்று. சவர்க்காரமும் தண்ணீரும் விலக்கல் விதியினும் வலிமையுடையனவாக விளங்கின.

இவ்வகையில் வட கரோலினாவின் சப்பல் ஹில்லில் 1966இல் ஆரம்பிக்கப்பட்ட ஆய்வு நிலையத்தின் அநுபவமும் குறிப்பிடத்தக்கது. அங்கு சாதாரண நோயுற்ற பிள்ளைகள் விலக்கப்படாது மருத்துவ மேற்பார்வையில் ஏற்கப்பட்டனர். இத்தகைய ஆய்வுகளின் வழியே கருத்து மெல்ல மாறியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் இணைந்து 1992இல் வெளியிட்ட நியமங்கள் சிறு வீட்டுப் பராமரிப்பையும் உள்ளடக்கின. நோயின் பெயரை மட்டும் கேளாது, பிள்ளை ஏனையோரோடு சேர்ந்து இருக்க இயலுமா, பராமரிப்பவர் ஏனைய பிள்ளைகளைக் கைவிடாது அதனைக் கவனிக்க இயலுமா, நோய் பிறர்க்குத் தீங்கு செய்யுமா என வினவும் முறையை அவை வகுத்தன. வெறுந் தடிமன் திருப்பியனுப்பக் காரணமாகாது. இந்நோக்கில் அயல்வீட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு: பிள்ளைகள் சிலரே கூடுமிடத்திற் தொற்றும் குறைவு. ஆனால் அங்கு பார்ப்பவர் ஒருவரே. மூன்றாவதாகக் கூறிய வினாவுக்கு அவள் தேறினாலும் இரண்டாவதில் இடறுவாள்.

மருத்துவ அறிவு திருந்தியபோதும் பொருளாதார வினா அவ்வாறே எஞ்சியது. அதனை நேராக எதிர்கொண்ட நாடு சுவீடன். 1974ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பெற்றோர் காப்புறுதி, நோயுற்ற பிள்ளையோடு வீட்டிலிருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ ஆண்டுக்குப் பத்து நாட்களுக்குரிய ஊதிய ஈட்டை வழங்கிற்று. இத்தொகை பின்னர்ப் பன்மடங்காக உயர்த்தப்பட்டது. அங்கு வீட்டிற் பிள்ளை பார்க்கும் பெண்களையும் நகராட்சிகளே வேதனம் கொடுத்து அமர்த்தின. ஆகவே தாய் கூலி இழக்கவில்லை, பார்ப்பவளும் இழக்கவில்லை. பிள்ளையைத் திருப்பியனுப்பும் விதி அங்கு மட்டுமே தன் வைத்திய நோக்கத்தோடு நின்றது. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டின் வேலையாள் உறவுகள் சட்டம் தங்கியிருப்போருக்கான அவசர விடுப்பை உரிமையாக்கியது. அவ்விடுப்புக்கு ஊதியம் வழங்குமாறு அது வேலைகொள்வோரைப் பணிக்கவில்லை.

எனவே பிரித்தானியாவில் இவ்வினா மீண்டும் அயல்வீட்டு வாசலுக்கே வந்தது. 1977இல் அமைக்கப்பட்ட தேசிய பிள்ளை பராமரிப்போர் சங்கம், பெற்றோரும் பராமரிப்போரும் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளும் வழக்கத்தைப் பரப்பிற்று. எந்நோய்க்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும், இடையிற் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது, பிள்ளை வராத நாளுக்குப் பணம் முழுதாகக் கொடுப்பதா, பாதியாகக் கொடுப்பதா, பார்ப்பவளே நோயுற்றால் என் செய்வது என்பனவெல்லாம் இத்தகைய உடன்படிக்கைகளில் முற்கூட்டியே பேசி எழுதப்படுகின்றன. 1844இற் பாரிசுக் காப்பகத்தின் புரவலர் தனித்து விதித்ததை இங்கு சமையலறை மேசையின் இரு பக்கத்திலும் அமர்ந்த இரு பெண்கள், தம் இருவர் கூலியையும் மனத்திற் கணக்கிட்டவாறு, வரிவரியாகப் பேசித் தீர்க்கின்றனர்.